தேவைப்படும்போது கழற்றி எடுக்கக்கூடிய சப்வூஃபர்: காரில் எப்படிப் பொருத்துவது?

கேள்வி

வணக்கம். என் ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்றை மூடிய பெட்டியில் வைத்திருக்கிறேன். அதை இயக்குவது 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய) திறனுள்ள கிளாஸ் டி வகை மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப்ளிஃபையர். ஒலியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கல் இடத்தில்தான் இருக்கிறது. என் தந்தையை வாரம் இருமுறை பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்கிறேன். அவருடைய சக்கர நாற்காலியை மடக்கினாலும் அது டிக்கி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. எனவே வாரத்தில் இரண்டு நாள் பெட்டியை வெளியே எடுக்கவும், மாலையில் மீண்டும் வைக்கவும் வேண்டியிருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான்: ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் வயர் நுழையும் இரண்டு திருகுகளையும் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் தளர்த்தி, வயரை உருவி, பெட்டியைப் பிடித்திருக்கும் நான்கு எல் வடிவத் தகடுகளின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தூக்குகிறேன். கழற்றி மாட்ட ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் ஆகிறது. திருகுகளின் தலை தேயத் தொடங்கிவிட்டது. வயரின் முனையும் பிரிந்து பிசிறாகிவிட்டது. சென்ற வாரம் அந்தப் பிசிறில் ஒரு இழை இருக்கையின் இரும்புச் சட்டத்தில் பட்டதும் ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி நின்றுவிட்டது. வயரைச் சரிசெய்த பிறகு மீண்டும் இயங்குகிறது என்றாலும், அடுத்த முறையும் இப்படித் தப்புமா என்ற கவலை இருக்கிறது.

கருவி எதுவும் இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள், தவறாக மாட்டவே வழியில்லாத வகையில் இதை அமைக்க விரும்புகிறேன். எந்த வகைக் கனெக்டரைப் பயன்படுத்தலாம்? அதை எந்த இடத்தில் வைப்பது? ஆம்ப்ளிஃபையரையும் பெட்டியின் மீதே பொருத்தி இரண்டையும் ஒன்றாக எடுப்பது நல்லதா? போல்ட் இல்லாமல் பெட்டியை உறுதியாகப் பிடித்து வைக்க என்ன வழி? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்

ஆம்ப்ளிஃபையர் காரிலேயே இருக்கட்டும். பெட்டி மட்டும் வெளியே வரட்டும். இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும். காரணத்தை உங்கள் ஆம்ப்ளிஃபையரை வைத்தே கணக்கிட்டுக் காட்டுகிறேன். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 500 வாட் செல்லும்போது வயரில் ஏறத்தாழ 45 வோல்ட்டும் 11 ஆம்பியரும் இருக்கும். அதே 500 வாட்டைத் தருவதற்கு, ஆம்ப்ளிஃபையரின் செயல்திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பேட்டரிப் பக்கமிருந்து 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியர் வர வேண்டும். அதாவது, இணைப்பைப் பேட்டரிப் பக்கத்தில் துண்டித்தால் கனெக்டர் நான்கு மடங்கு மின்னோட்டத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அது மட்டுமல்ல, பெட்டியை எடுத்த பிறகு டிக்கியில் தொங்கிக்கொண்டிருப்பது பேட்டரியோடு நேரடியாக இணைந்த வயராக இருக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் துண்டித்தாலோ, ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கும் வரை அந்த வயரில் எதுவும் இல்லை. இரண்டே முனைகளைக் கொண்ட ஒரே ஒரு பிளக் போதும்.

கனெக்டரைப் பொறுத்தவரை என் பரிந்துரை ஸ்பீக்கான். 1987-இல் மேடை ஒலிபெருக்கிகளுக்காக வடிவமைக்கப்பட்டது இது. அதற்கு முன் அந்த இடத்தில் பெரும்பாலும் இருந்தது கிட்டார்களில் காணப்படும் கால் அங்குல ஜாக். அந்த ஜாக் உள்ளே நுழையும்போது ஒரு கணம் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துவிடும். ஆம்ப்ளிஃபையர் இயங்கிக்கொண்டிருந்தால் அதுவே ஷார்ட் சர்க்யூட். ஸ்பீக்கானில் மின்முனைகள் உள்ளடங்கியிருப்பதால் விரலோ உலோகமோ அவற்றைத் தொட முடியாது. ஒரே ஒரு நிலையில்தான் நுழையும் என்பதால் நேர் முனையும் எதிர் முனையும் இடம் மாற வாய்ப்பே இல்லை. உள்ளே தள்ளி வலப்புறம் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும். எவ்வளவு குலுக்கினாலும் கழலாது. கழற்ற வேண்டுமானால் அதன் தாழை விரலால் பின்னுக்கு இழுத்து எதிர்ப்புறம் திருப்ப வேண்டும். 30 ஆம்பியர் வரை தாராளமாகத் தாங்கும் என்பதால், நாளை நீங்கள் 1 ஓம் அமைப்புக்கு மாறி மின்னோட்டம் 22 ஆம்பியராக உயர்ந்தாலும் கவலையில்லை.

பிளக்கை ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் வயரின் முனையிலும், சாக்கெட்டைப் பெட்டியின் பக்கவாட்டிலும் வையுங்கள். பலர் பெட்டியிலிருந்து அரை மீட்டர் வயரை வெளியே விட்டு நடுவில் இணைக்கிறார்கள். அது வேண்டாம். பெட்டியைத் தூக்கிச் செல்லும்போது அந்த வால் காலில் சிக்கும், கதவில் மாட்டும், என்றாவது ஒரு நாள் உள்ளேயிருந்து பிடுங்கிக்கொண்டும் வரும். சாக்கெட் பெட்டியோடு சமமாகப் பதிந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மூடிய பெட்டி என்பதால், சாக்கெட்டுக்காகத் துளையிட்ட இடத்தில் காற்றுக் கசியாதபடி நுரை ரப்பர் வளையமோ சிலிகான் பூச்சோ அவசியம். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய ஒலியில் 30 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு ஈரமான விரலைச் சாக்கெட்டின் விளிம்பைச் சுற்றி நகர்த்துங்கள். கசிவு இருந்தால் ‘புஸ் புஸ்’ என்று குளிர்ந்த காற்று விரலில் படும்.

வயர் பற்றி ஒரு முக்கியக் குறிப்பு. தனித்தனியான இரண்டு மெல்லிய வயர்களை ஸ்பீக்கான் பிளக்குக்குள் விட்டால், பின்பக்கத்தில் வயரைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்கு எதுவும் சிக்காது. பிறகு இழுவிசை முழுவதும் உள்ளேயிருக்கும் திருகுகளின் மீது விழும். உருண்டையான ரப்பர் உறைக்குள் இரண்டு கம்பிகள் கொண்ட, 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிளை வாங்குங்கள். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் போகவும் வரவும் சேர்த்து அதன் மின்தடை ஏறத்தாழ 0.02 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் அரை சதவீதம்தான். எனவே அதைவிடத் தடித்த கேபிளுக்குச் செலவழிப்பதில் பயனில்லை. கம்பியின் இழைகளைத் திருகுக்குள் விடுவதற்கு முன் ஈயம் பூசாதீர்கள். ஈயம் பூசிய முனை திருகின் அழுத்தத்தில் நாளடைவில் தளர்ந்துவிடும். ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து, காரின் அதிர்வில் அங்கேயே ஒடியும். இழைகளுக்குச் சிறிய செம்புக் குழல் ஒன்றை அணிவித்து, கிரிம்பிங் கருவியால் நசுக்கித் திருகுக்குள் விடுங்கள். உங்களை இப்போது வருத்தும் பிசிறுக்கும் அதுவே மருந்து.

உங்கள் சப்வூஃபர் இரட்டை வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) கொண்டதாக இருந்தால், இரண்டு காயில்களையும் பெட்டிக்குள்ளேயே இணைத்துவிட்டு, வெளியே இரண்டு முனைகளை மட்டும் கொண்டுவாருங்கள். 2 ஓம் காயில்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 4 ஓம், இணையாக இணைத்தால் 1 ஓம். இந்த முடிவைப் பெட்டிக்குள் ஒருமுறை எடுத்துவிட்டால், அவசரத்தில் மாட்டும்போது குழப்பம் வராது. நான்கு முனை வகை ஸ்பீக்கானில் 1+, 1−, 2+, 2− என்று பொறித்திருக்கும்; பிளக்கிலும் சாக்கெட்டிலும் 1+, 1− ஆகியவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

வாழைப்பழ பிளக் எனப்படும் பனானா பிளக் இதற்கு வேண்டாம். அதில் பூட்டு இல்லை. கழற்றிய பிறகு இரண்டு உலோக முனைகளும் வெளியே தெரியும். அவற்றில் ஒன்று காரின் உடலில் பட்டாலே போதும்: மோனோ ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் எதிர் முனையும் எர்த்தோடு இணைந்திருப்பதில்லை என்பதால், அங்கே தொடுவதும் ஷார்ட் சர்க்யூட்தான். சென்ற வாரம் உங்களுக்கு நேர்ந்தது இதுவே என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னவரின் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆம்ப்ளிஃபையரையும் பெட்டியோடு எடுப்பது தவறு என்று முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம். என்னிடம் இரண்டு கார்கள் இருக்கின்றன. பெட்டி ஒன்று, அதன் முதுகில் பொருத்திய ஆம்ப்ளிஃபையரும் ஒன்றுதான். இரண்டு கார்களிலும் வயரிங் மட்டும் நிரந்தரமாக இருக்கிறது. வார இறுதியில் எந்தக் காரை எடுக்கிறோமோ அதில் பெட்டியை வைத்து இணைத்துக்கொள்கிறோம். நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது.

மின்சாரத்துக்கு ஆண்டர்சன் வகைக் கனெக்டரைப் பயன்படுத்துகிறேன். நேர், எர்த் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் இரண்டும் ஒரே கணத்தில் சேர்கின்றன, ஒரே கணத்தில் பிரிகின்றன. இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 50 ஆம்பியர் வகையின் மின்முனைக்குள் 13 சதுர மி.மீ. வரையிலான கம்பிதான் நுழையும். ஆம்ப்ளிஃபையர் வயரிங் தொகுப்புகளில் வழக்கமாக வரும் 4 கேஜ் வயர் 21 சதுர மி.மீ. என்பதால், அதற்கு அடுத்த பெரிய அளவான 120 ஆம்பியர் வகையை வாங்க வேண்டும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் விதி. கழற்றக்கூடிய அமைப்பில் அது இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது. ஏனென்றால் பெட்டி இல்லாத நாட்களிலும் அந்தக் கனெக்டரின் முனையில் பேட்டரியின் முழுச் சக்தியும் காத்திருக்கிறது. அதற்கு ரப்பர் மூடி போடாமல் நான் டிக்கியை மூடுவதே இல்லை.

தொடக்கத்தில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஆண்டர்சன் கனெக்டர் இல்லை. எர்த் வயரைத் தனியாக ஒரு திருகில் இணைத்திருந்தேன். ஒரு நாள் ஸ்டீரியோவை அணைக்காமலேயே எர்த் திருகை முதலில் கழற்றினேன். ஆம்ப்ளிஃபையருக்குத் தேவையான எர்த் அறுந்ததும், மின்னோட்டம், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒலிச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ஸ்டீரியோவை நோக்கித் திரும்பியது. ஸ்டீரியோவுக்குள் அந்த எர்த்துக்கு இருப்பது தலைமுடி போன்ற மெல்லிய தடம். அது எரிந்துவிட்டது. அன்றிலிருந்து இன்ஜினின் வேகம் கூடக் கூட ஸ்பீக்கர்களில் ‘வீ’ என்ற இரைச்சலும் கூடியது. ஸ்டீரியோவைத் திறந்து பழுதுபார்த்த பிறகுதான் அது ஒழிந்தது. எனவே ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்து எடுப்பவர்கள், முதலில் ஸ்டீரியோவை அணைத்து, அடுத்து ஆர்.சி.ஏ. கேபிளை உருவி, கடைசியில் மின்சாரக் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். மாட்டும்போது மின்சாரம் முதலில், ஆர்.சி.ஏ. கடைசியில்.

ஒரே கார், வாரம் இருமுறை என்ற உங்கள் நிலையில், நானாக இருந்தாலும் ஆம்ப்ளிஃபையரைக் காரில்தான் விடுவேன்.

மூன்றாம் பதில்

வயரிங் பற்றி எல்லாரும் விரிவாகப் பேசுகிறோம். பெட்டியைப் பிடித்து வைப்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. பெட்டியைக் கழற்ற எளிதாக வேண்டும் என்று தொடங்கியவர்கள், சில வாரங்களில் அதைக் கட்டாமலே டிக்கியில் வைத்து ஓட்டத் தொடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் டிக்கிக்கும் இருக்கைக்கும் இடையில் ஒரு சாய்மானம் மட்டுமே இருக்கிறது. அந்தச் சாய்மானத்தில் முதுகை வைத்து உட்காரப்போகிறவர் உங்கள் தந்தையாகவும் இருக்கலாம்.

18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில், வெளி அளவு 40 × 40 × 30 செ.மீ. கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். பலகை மட்டும் ஏறத்தாழ 11 கிலோ. ஸ்பீக்கரையும் சேர்த்தால் 18 கிலோ. 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றால், கட்டப்படாத பெட்டி அதே வேகத்தில் முன்னோக்கி வரும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. காரின் முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நிற்பதாகக் கொண்டால், அந்த நேரத்தில் பெட்டியைப் பிடித்து நிறுத்தச் சராசரியாக அதன் எடையைப்போல் 16 மடங்கு விசை தேவை. 18 கிலோ பெட்டி அப்போது ஏறத்தாழ 290 கிலோவாக இழுக்கும். உச்ச விசை இதைவிடவும் கூடும். வெல்க்ரோ ஒட்டுப்பட்டை இதைத் தாங்காது. அது திருப்பத்தில் பெட்டி வழுக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

நான் என் காரில் செய்திருப்பதைச் சொல்கிறேன். டிக்கியின் தரையில் 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை, சாமான்களைக் கட்டுவதற்காகக் காரிலேயே கொடுத்திருக்கும் இரும்பு வளையங்களின் போல்ட் துளைகளைக் கொண்டே இறுக்கியிருக்கிறேன். புதிதாகத் துளையிடவில்லை. துளையிட்டே ஆக வேண்டும் என்பவர்கள், கீழே பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் குழாய் எங்கே ஓடுகின்றன என்பதைக் காருக்கு அடியில் சென்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். ஸ்டெப்னி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்குமானால் பலகையை இரண்டு துண்டாக்கி, பின்துண்டைக் கீல் வைத்துத் தூக்கும்படி செய்யுங்கள். இரவில் சாலையோரத்தில் டயர் பஞ்சரானால், ஸ்பேனரைத் தேடிப் பலகையைக் கழற்றும் நிலை வரக்கூடாது.

பலகையின் முன் ஓரத்தில், அதாவது பின்னிருக்கையின் சாய்மானத்தை ஒட்டி, நீளமான மரச்சட்டம் ஒன்றை 45 பாகைச் சரிவாக இழைத்துப் பதித்திருக்கிறேன், சரிவு கீழ்நோக்கியிருக்கும். பெட்டியின் அடிப்பாகத்தில் இதற்கு எதிர்ச் சரிவுள்ள இன்னொரு சட்டம் இருக்கிறது. பெட்டியைப் பலகையில் வைத்து முன்னோக்கித் தள்ளினால், பெட்டியின் சட்டம் பலகையின் சட்டத்துக்கு அடியில் ஆப்பு நுழைவதைப்போல நுழைந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு பெட்டியின் முன்பக்கம் மேலே எழ முடியாது. முன்னோக்கியும் நகர முடியாது. மீதி இருப்பது பின்பக்கம் மட்டுமே. அதற்கு, சாமான் வளையங்களிலிருந்து வரும் இரண்டு நைலான் பட்டைகள் பெட்டியின் மேல் குறுக்காகச் செல்கின்றன. பட்டையைப் பிடிக்கும் கொக்கியில் ஒரு நாக்கு இருக்கிறது. அதை அழுத்தினால் பட்டை தளரும், விட்டால் கவ்விக்கொள்ளும். பட்டையில் தைத்திருக்கும் துணித்துண்டில் அது தாங்கும் சுமை அச்சிடப்பட்டிருக்கும்; அந்த எண் இல்லாத பட்டையை வாங்காதீர்கள்.

பெட்டியின் அடிச்சட்டத்தை எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் ஸ்க்ரூ வைத்து முடுக்காதீர்கள். எம்.டி.எஃப்.-இன் விளிம்பு ஏடுஏடாகப் பிளந்துவிடும். அகன்ற முகத்தில், பசையும் சேர்த்து, உள்ளேயிருந்து போல்ட் விட்டு இறுக்குங்கள். துளைகளைச் சிலிகானால் அடைத்துவிடுங்கள்.

குழந்தை இருக்கைக்கான கொக்கி வளையங்களையும் இருக்கை பெல்ட்டின் போல்ட்டுகளையும் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றுக்கு வேறு பொறுப்பு இருக்கிறது. வேலை முடிந்ததும், பெட்டியின் மேல் விளிம்பைப் பிடித்து உங்கள் உடல் எடை முழுவதையும் கொடுத்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். பெட்டியோடு கார் அசைய வேண்டும். காருக்குள் பெட்டி தனியாக அசையக்கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆம்ப்ளிஃபையரை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், காற்றோட்டம் இருக்கும்படி வைத்து, ஸ்பீக்கான் வழியே பெட்டியை இணைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். மரச்சட்ட முறையையும் அப்படியே பின்பற்றப் போகிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி இருக்கின்றன. பெட்டி இல்லாத நாட்களில் ஆம்ப்ளிஃபையர் சுமையே இல்லாமல் இயங்குவதால் அதற்குக் கேடு வருமா? இன்னொன்று, பெட்டியை எடுத்த நாட்களில் பாட்டு வழக்கத்தைவிட மெலிந்து, உயிரில்லாமல் கேட்கிறது. சப்வூஃபர் வாங்குவதற்கு முன்பு இதே கதவு ஸ்பீக்கர்கள் இதைவிட நன்றாக ஒலித்தன என்பது எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது. இது மனப்பிரமையா?

முதல் பதில் எழுதியவர்

மனப்பிரமை அல்ல, உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. சப்வூஃபரைப் பொருத்தியபோது, கதவு ஸ்பீக்கர்களுக்கு ஸ்டீரியோவில் ஹை பாஸ் ஃபில்டரை (குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைத் தடுப்பது) இயக்கியிருப்பீர்கள். வழக்கமாக அதை 80 ஹெர்ட்ஸில் வைப்பார்கள். அதற்குக் கீழே உள்ள ஒலியைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும் என்பதால் கதவு ஸ்பீக்கர்களின் பாரம் குறைகிறது. பெட்டியை எடுத்த பிறகும் அந்த ஃபில்டர் வேலை செய்துகொண்டிருக்கிறது. எனவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைத் தர இப்போது காரில் யாருமே இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் தவிலின் கனமும் பாதி காணாமல் போயிருக்கும்.

ஸ்டீரியோவில் அமைப்புகளைச் சேமிக்கும் வசதி இருந்தால் இரண்டைச் சேமித்து வையுங்கள். முதலாவதில் சப்வூஃபர் இயக்கத்தில், ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸில். இரண்டாவதில் சப்வூஃபர் அணைந்த நிலையில், ஹை பாஸ் 50 ஹெர்ட்ஸில், அல்லது ஃபில்டரே இல்லாமல். ஃபில்டரை முழுவதும் எடுத்துவிட்டால் ஒலியைக் கூட்டும்போது ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள் திணறும் என்பதால், எனக்கு 50 தான் பிடித்த இடம்.

ஆம்ப்ளிஃபையர் பற்றிய முதல் ஐயத்துக்கு வருகிறேன். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர்கள்தான் ஸ்பீக்கர் இல்லாமல் இயங்கினால் கெட்டுப்போகும். அவற்றின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை தேவை. காரில் இருப்பது டிரான்சிஸ்டர் வகை. அதற்குச் சுமை இல்லாமல் இருப்பது ஓய்வுக்குச் சமம். ஆனாலும் அது விழித்துக்கொண்டு வீணாகப் பேட்டரியைத் தின்ன வேண்டியதில்லை. ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் மெல்லிய ரிமோட் வயரின் நடுவில் சிறிய சுவிட்ச் ஒன்றை வைத்து, கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதை அணைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால், இயங்கிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரில் கைவைக்கும் நிலையே வராது.

நான்காம் பதில்

வாரம் இருமுறை 18 கிலோவைக் குனிந்து தூக்குவது இடுப்புக்கு நல்லதல்ல என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெட்டியை மீண்டும் செய்யும் எண்ணமிருந்தால், 18 மி.மீ. எம்.டி.எஃப்.-க்குப் பதிலாக 15 மி.மீ. தரமான பிர்ச் பிளைவுட்டைப் பயன்படுத்துங்கள். அதே அளவுப் பெட்டியில் இரண்டரை கிலோ குறையும். ஸ்க்ரூவையும் அது நன்றாகப் பிடிக்கும். கைப்பிடிக்காகப் பலகையில் வெறும் துளை போடாமல், பின்பக்கம் மூடிய குழிவான கைப்பிடியைப் பதியுங்கள். வெறும் துளை பெட்டியின் காற்றடைப்பைக் கெடுத்துவிடும். ஸ்பீக்கருக்கு இரும்பு வலைமூடியும் அவசியம். தூக்கி வைக்கும்போது பெட்டியைவிட முதலில் அடிபடுவது ஸ்பீக்கரின் கூம்புதான்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரங்கள் கழித்து நிலவரத்தை எழுதுகிறேன். எல்லாம் முடிந்து, பெட்டியை ஆறுமுறை கழற்றி மாட்டிவிட்டேன். சுவிட்சை அணைத்து, பிளக்கைத் திருப்பி உருவி, இரண்டு பட்டைகளையும் தளர்த்தி, பெட்டியைச் சற்றே பின்னுக்கு இழுத்துத் தூக்க 40 விநாடி ஆகிறது. திரும்ப வைக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். சரிவுச் சட்டங்கள் இரண்டும் சந்திக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாததால் முதல் இரண்டு முறை தடுமாறினேன். பலகையின் இரு ஓரங்களிலும் பெட்டியை வழிநடத்த ஒரு விரல் உயரத்துக்குச் சிறு தடுப்புகளை ஒட்டிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டும் வைக்க முடிகிறது.

யாரும் சொல்லாத ஒரு சிறு தொல்லையும் வந்தது. பெட்டி இல்லாத நாளில் ஸ்பீக்கான் பிளக் வயரின் முனையில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் டிக்கியின் பிளாஸ்டிக் சுவரில் ‘டொக் டொக்’ என்று இடித்தது. எதனோடும் இணையாத இன்னொரு ஸ்பீக்கான் சாக்கெட்டை வாங்கி அந்தச் சுவரிலேயே பதித்துவிட்டேன். இப்போது பெட்டியிலிருந்து கழற்றும் பிளக்கை நேரே அதில் செருகித் திருப்பிவிடுகிறேன். ஓசையும் இல்லை, பிளக்குக்குள் தூசியும் போவதில்லை.

சக்கர நாற்காலியும் பெட்டி இருந்த அதே பலகையின் மீது, அதே பட்டைகளுக்கு அடியில் நிற்கிறது. முன்பு திருப்பங்களில் அது சரிந்து கண்ணாடியில் மோதும்; இப்போது அசைவதில்லை.